அத்தையின் நிச்சயதாம்பூலமும் என் கடைவாய்ப் பல்லும்

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர்கள் முதலில் என்னைப் பார்க்க மாட்டார்கள். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான்தான். ஆனாலும் அவர்கள் பார்ப்பது அம்மாவை. "சொந்தத்துல கட்டினதாம்மா?" என்று கேட்பார்கள். "ஆமா டாக்டர், அத்தை மகன்" என்பாள் அம்மா, எதையோ திருடி மாட்டிக்கொண்டவளின் குரலில். டாக்டர் "ம்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்குவார். அந்த அத்தை மகனாகிய என் அப்பா தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி எந்தக் கம்பெனி என்று பார்த்துக்கொண்டிருப்பார். அஞ்சுகிராமத்தில் எங்களுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் கடை. அதனால் இக்கட்டான நேரங்களில் பார்ப்பதற்கு அவருக்கு எங்கேயும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. ஏனென்றால் வீட்டில் இதே விஷயம் பெருமையான விஷயம். அப்பாவுக்கு அம்மா தாய்மாமன் மகள். கல்யாண வீடுகளில் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், யாரைக் கண்டாலும் இதைச் சொல்லுவார். தம்பிக்கு ஊர் ஊராகப் பெண் தேடி அலையவில்லை, சொத்தும் வெளியே போகவில்லை, சொந்தமும் விட்டுப்போகவில்லை என்பார். அஞ்சுகிராமத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற ஒரு விஷயம், நாகர்கோவில் பஸ்ஸில் ஏறியதும் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறது? என் மூக்கில் ரத்தம் வருவதற்கும் அப்பா யாரைக் கட்டினார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? கல்யாணத்துக்குத் தங்களை அழைக்காத கோபத்தில்தான் எல்லா டாக்டர்களும் இப்படிக் கேட்கிறார்கள் என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

எனக்கு இருப்பது ரத்தம் லேசில் நிற்காத ஒரு நோய். எங்கேயோ ஒருவருக்கு வருவது. அதற்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை முழுசாகச் சொன்னதில்லை. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் அதை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தத்தில் பிளேட்லெட் என்று சின்னச் சின்ன அணுக்கள் உண்டு. எங்கேயாவது காயம் பட்டால் ஓடிவந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைப்பது அவற்றின் வேலை. என் உடம்பில் அவை வேண்டிய அளவு இருக்கின்றன, காயம் பட்ட இடத்துக்கு வந்தும் சேருகின்றன. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "எங்க குடும்பம் மாதிரிதான்" என்றார். டாக்டரம்மா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஒட்டாத ரத்தத்தோடு வாழ்வது ஒன்றும் பெரிய வீரசாகசம் இல்லை. நாள் முழுக்க அது கூடாது இது கூடாது என்பதுதான். எனக்கு வாங்கிய சட்டைகள் எல்லாம் மெரூன் நிறம், தலையணை உறையும் மெரூன். பள்ளிக்கூடச் சீருடை மட்டும் வெள்ளை. அந்த ஒரு காரணத்துக்காகவே அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் தீராத கோபம். பென்சிலை அப்பாதான் சீவித் தர வேண்டும். கைக்குழந்தைக்கு வாங்குகிற மெத்தென்ற பிரஷ்ஷில்தான் பல் தேய்க்க வேண்டும். எங்கே இடித்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது, மறுநாள் பார்த்தால் முழங்கையில் நாவல்பழம் அளவுக்கு நீலமாகக் கன்றியிருக்கும். மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கமாகக் குனிந்து, மூக்கை இறுக்கிப் பிடித்து, ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு சீரியல் முடியும்வரை ஆகும். சில நாள் இரண்டு சீரியல்.

எனக்குக் காது குத்தவில்லை. அத்தைதான் கல் வைத்த ஒட்டுப்பொட்டை எடுத்து என் காது மடலில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, வைரத் தோடே தோற்றது என்பாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாளைமீன் முள் ஈறில் குத்திவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் என் தட்டில் விழுகிற மீனை விரலால் உதிர்த்து முள் ஆய்ந்து தருவாள். முறுக்கை சாயாவில் ஊறவைத்துத் தருவாள். முந்திரிக்கொத்தை அம்மியில் வைத்து நுணுக்கித் தருவாள். பாசிப்பயறு மாவைப் பாகில் உருட்டிப் பொரித்த இந்த உருண்டை இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு விசேஷமும் நடக்காது. பக்குவமாகச் செய்தால் கல்லாக இருக்கும். என்னைப் பொறுத்தவரை முந்திரிக்கொத்து என்பது ஒரு பொடி. அது உருண்டையாகவும் இருக்கும் என்பதை மற்ற பிள்ளைகளின் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். யாராவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விருந்தாளி வருகிற நேரத்தில் நான் மட்டும் ஏன் விருந்தாளியாகப் போக வேண்டும் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி.யில் பேய்ப்படம் போட்டுவிட்டதால் பயந்து ஓடிவந்துவிட்டேன். வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என் கையில் இருந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, பெண் பிள்ளையை இப்படியா போட்டு அடிப்பது என்று கேட்டாள். அடிக்கவில்லை என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் என் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மிக்சர் தட்டில் விழுந்தது. அவர்கள் எழுந்து, வீட்டுக்குப் போய் போன் செய்கிறோம் என்றார்கள். அந்த போன் இன்றுவரை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஏதோ ரத்த நோவு உண்டு என்ற பேச்சு மட்டும் அப்பாவின் கடைவரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு அந்த யோசனை தோன்றியது.

"வெளிய உள்ளவன்னா பிள்ளைக்கு என்ன நோவு, குடும்பத்துல வேற யாருக்கு உண்டுன்னு ஆயிரம் கேள்வி கேப்பான். சொந்தத்துலயே குடுத்தா எவன் கேக்கப் போறான்?" என்றார்.

சொந்தத்தில் மாப்பிள்ளை தயாராக இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா. அத்தைக்கும் அவர் தாய்மாமன் மகன், முறையும் சரியாக வந்தது. மயிலாடியில் ஒரு சிலைப் பட்டறையில் அவருக்கு வேலை. கையில் எப்போதும் ஏதாவது ஒரு வெட்டு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முடிந்து விரலை எடுத்தால் ரத்தம் நின்றுபோயிருக்கும். எனக்கு அது மந்திரம். இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் என்பது, பெரியப்பாவுக்கு யோசனை தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குத் தெரியும். மாமா அக்காவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். அத்தை அப்போதுதான் கூட்டிய முற்றத்தை மறுபடியும் கூட்டுவாள். கல்யாணம் பேசி முடித்த அன்று அவள் என் மீனில் முள் ஆயும்போது பாடிக்கொண்டே ஆய்ந்தாள். எனக்கோ ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் மாமா, உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பேர். எங்கள் பக்கம் மாமாவின் மனைவியையும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அதனால் கூப்பிடுகிற பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இந்தக் கல்யாணத்தை எனக்காகவே யாரோ யோசித்து ஏற்பாடு செய்தது போல இருந்தது.

அம்மாதான் சரியாக இல்லை. சொந்தத் தம்பிக்கும் நாத்தனாருக்கும் கல்யாணம், அவள்தான் எல்லாரையும்விடத் துள்ள வேண்டும். அவளோ நல்ல காரியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மரச்சீனிக் கிழங்கு நறுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு நறுக்கிய கிழங்கை இரண்டு வீட்டுக்குக் கொடுத்தும் மிச்சம் இருந்தது.

இதற்கு நடுவில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. மற்ற பிள்ளைகளுக்குப் பல் ஆடினால் நாக்கால் ஆட்டி ஆட்டி விழவைத்துக் கூரைமேல் எறிவார்கள். எங்கள் வீட்டில் பல் ஆடினால் ரயிலில் டிக்கெட் போடுவார்கள். நிச்சயதாம்பூலத்துக்கு முந்தின மாதம் அம்மாவும் அப்பாவும் என்னை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பல்லை அதுவாக விழ விடக் கூடாது, அடுத்த மாதம் வாருங்கள், பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே எடுத்துவிடலாம், அதுவரை கடினமாக எதையும் கடிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. பிறகு எழுதிக்கொண்டே, குடும்பத்தில் சொந்தத்துக்குள் வேறு ஏதாவது கல்யாணம் பேசுகிறீர்களா என்று கேட்டார்.

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றார்.

அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அதோடு, அழைக்காத கோபம் பற்றிய என் பழைய சந்தேகமும் இருந்தது. போன கல்யாணத்தில் செய்த தப்பை இந்தக் கல்யாணத்திலாவது சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் அத்தைக்கும் எங்கள் மாமாவுக்கும் அடுத்த மாதம் நிச்சயம், நீங்களும் கட்டாயம் வரவேண்டும் என்று டாக்டரம்மாவை அழைத்துவிட்டேன். வேறு பிள்ளையாக இருந்தால் அம்மா தொடையில் கிள்ளியிருப்பாள். என்னைக் கிள்ள முடியாது. என் வாயைத்தான் பொத்தினாள், அதையும் மெதுவாகத்தான் பொத்தினாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். என்னை மீன்தொட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும்படி நர்ஸிடம் சொன்னார். தொட்டியில் இருந்தது கொஞ்சம் மீன்தான். அதைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவையே இல்லை. திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. விசேஷத்துக்கு வருவாரா மாட்டாரா என்று டாக்டரம்மா கடைசிவரை சொல்லவில்லை.

ரயிலில் அம்மாவும் அப்பாவும் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள் அம்மா. "ஒந் தம்பிட்ட நீதான் சொல்லணும்" என்றார் அப்பா. டாக்டரம்மாவும் வருகிறார், அதை வீட்டில் யார் சொல்வது என்றுதான் சண்டை என நினைத்துக்கொண்டேன். பிறகும் பல நாள் அவர்கள் இப்படிப் பாதிப் பாதியாகப் பேசி, நான் வந்ததும் நிறுத்தினார்கள். ஒருவரும் ஒருவரிடமும் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. நிச்சயதாம்பூல நாள் வந்துவிட்டது.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மயிலாடியிலிருந்து மாமாவின் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தட்டுத் தட்டாகப் பழம், ஏத்தங்காய் சீவி வறுத்த உப்பேரி, முந்திரிக்கொத்து. அப்பா ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த விளக்குகளின் சுவிட்சை அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா எதையாவது எடுப்பது போலப் பின்கட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். நான் மெரூன் பட்டுப்பாவாடையில், காதில் புதுப் பொட்டுகளோடு, டாக்டரம்மா வந்தால் உட்கார வைப்பதற்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். அவர் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்து, "மொதல்ல நீ தின்னு மக்கா, பொறவுதான் மத்தவிய எல்லாம்" என்றார்.

மறந்துவிட்டார். என் சாப்பாட்டு விதிகளை எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர் அந்த ஒரு நாள் மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. ஆனால் நுணுக்கித் தருகிற அத்தை உள்ளே தலை நிறையப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆடாத பல் இருக்கும் பக்கமாகத்தான் வைத்துக் கடித்தேன். உருண்டை உடையவில்லை, வழுக்கி ஆடுகிற பல் பக்கம் போனது. எனக்குள்ளேயே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சாவியை நக்கினால் ஒரு ருசி வருமே, அந்த ருசி வாய் நிறைய வந்தது. இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் ஓடியிருக்கும். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். மிக்சர் தட்டில் விழுந்த ஒரு சொட்டு ஒரு மாப்பிள்ளையைத் துரத்தியிருக்கிறது. இந்த மாப்பிள்ளை என் மாமா. தாம்பூலத் தட்டு கைமாறுகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், அதன் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. ஊறி வந்த ரத்தத்தை எல்லாம் விழுங்கினேன். ஏன் பிள்ளை உம்மென்று இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்குத் தலையை ஆட்டினேன். விழுங்க விழுங்க வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் ஜமக்காளத்தில் பெரியப்பாவும் மயிலாடித் தாத்தாவும், அதாவது மாமாவின் அப்பாவும், எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அத்தையை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். தாத்தா வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார். பெரியப்பா வாங்கக் கையை நீட்டினார். அந்தத் தட்டு எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று இப்போதும் கண்ணில் நிற்கிறது. என்னால் முடியவில்லை. விழுங்கியதெல்லாம் ஒரே குமட்டலில் வெளியே வந்து ஜமக்காளத்திலும் தட்டிலும் விழுந்தது. பின்வரிசையில் யாரோ, பிள்ளை திருட்டுத்தனமாக வெற்றிலை போட்டிருக்கிறது என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

மாமாதான் என்னை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினார். வந்த வேனிலேயே நாகர்கோவிலுக்குப் போனோம். அத்தை பட்டுச்சேலையோடும் தலைநிறையப் பூவோடும் கூடவே ஏறிக்கொண்டாள். என் வாயில் துணியை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். துணியைக் கொஞ்சம் விலக்கி, "தட்டு மாத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"மாத்தியாச்சு மக்கா, நீ பேசாம கெட" என்றாள்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் ஏற்றினார்கள். ரசத்தின் தெளிவு போல மஞ்சளாக ஒரு பை தலைக்கு மேலே தொங்கியது. மத்தியானத்துக்கு மேல் ரத்தம் நின்றது. கண்ணை மூடியது போல இமை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், தூங்கவில்லை. கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமா, கால்மாட்டில் அத்தை. மாமாவின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"நான் குடுத்த முந்திரிக்கொத்துதான் அக்கா. எனக்கு ஓர்மையே இல்லாம போச்சு" என்றார் மாமா.

"அதுக்கு இல்ல மக்கா" என்றாள் அம்மா. என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "இந்தக் கல்யாணம் வேண்டாம். தாம்பூலத்துல ரத்தம் விழுந்திட்டு. சகுனம் சரியில்ல" என்றாள்.

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"நீ இதெல்லாம் எப்பம் இருந்து நம்புத அக்கா?"

"இன்னைல இருந்து" என்றாள் அம்மா.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினால், போய் மூக்கைச் சிந்திவிட்டு வா என்று சொல்கிறவள் அம்மா. ராகுகாலத்தில்தான் மீன் சல்லிசாகக் கிடைக்கும் என்று பார்த்துப் போகிறவள். சகுனம் பார்க்கத் தெரியாத அந்த அம்மா முதன்முதலாகப் பார்த்த சகுனம் நான். தட்டு மாறவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாமா போர்வைக்கு மேலாக என் காலைத் தொட்டுவிட்டு வெளியே போனார். அத்தை தலையில் இருந்த பூவை மெதுவாக எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள்.

ஊரில் சகுனத்தை எல்லாரும் சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள். தாம்பூலத்தில் ரத்தம் விழுந்த பிறகு எப்படி நடத்துவது என்று பெரியப்பாவே சொல்லத் தொடங்கிவிட்டார். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அம்மா மயிலாடிக்குப் போனாலும் அவர் பட்டறையில் வேலை இருக்கிறது என்று போய்விடுவார். அத்தையைத் திற்பரப்புப் பக்கம், எங்களுக்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு குடும்பத்தில் கொடுத்தார்கள். மாமாவுக்கும் அப்படியே வெளியில் பெண் எடுத்தார்கள். இரண்டு கல்யாணத்திலும் நான் செருப்பு கழற்றிப் போடுகிற இடத்திலேயே நின்றுகொண்டேன். அதன் பிறகு எந்த விசேஷமானாலும் எனக்கு வயிற்றுவலி வரும், இல்லாவிட்டால் தலை சுற்றும். அம்மா விட மாட்டாள். வந்து என் கையைப் பிடித்து, அதுவும் வலிக்காமல் பிடித்து, முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைப்பாள். சகுனம் சரியில்லாத பிள்ளையை எதற்காக இவள் மணவறைக்கு முன்னால் கொண்டு வைக்கிறாள் என்று நினைத்து நினைத்து எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். நான் கெட்ட சகுனமா என்று கேட்கப் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போனோம். பையன் பாறையில் வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். நான் பதறிப்போய் துப்பட்டாவை எடுத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது, அவன் எழுந்து மறுபடியும் தண்ணீருக்குள் ஓடிவிட்டான். அவன் போன பிறகும் அத்தை என் துப்பட்டாவில் இருந்த அந்தச் சின்னக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

மீன்தொட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டரம்மா அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னது இதுதான். இந்த நோயின் பாதி அப்பாவிடமும் பாதி அம்மாவிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்துகிடந்திருக்கிறது. ஒரே வேரிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கியது. இரண்டு பாதியும் சேர்ந்தபோது நான் வந்தேன். அப்பாவின் தங்கையிடமும் அம்மாவின் தம்பியிடமும் அதே பாதி இருக்கலாம். அவர்கள் இருவரும் சேர்ந்தால் அவர்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை வரக்கூடும். நோய்க்குப் பயந்து சொந்தத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பெரியப்பா வழி கண்டுபிடித்தார். நோய் இருந்ததே அங்கேதான். அத்தை கல்யாணமாகி, கர்ப்பமாக இருக்கும்போதுதான் அம்மா வந்து அவளிடம் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறாள்.

சகுனம் என்றால் அந்தச் சம்பந்தத்தோடு போய்விடும், நோய் என்றால் ஆளோடு கூடவே போகும். இந்த இரண்டு பேரின் ரத்தத்திலும் பழுது இருக்கலாம் என்ற பேச்சு வெளியே போயிருந்தால் வேறு யாரும் அவர்களைக் கட்டியிருக்க மாட்டார்கள். இதுவரைக்கும் எனக்கே புரிந்தது. ஆனாலும் உங்கள் இரண்டு பேரிடம் மட்டுமாவது அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அத்தையிடம் கேட்டேன்.

அத்தை தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சொல்லியிருந்தா உங்க மாமா என்ன சொல்லியிருப்பாவ தெரியுமா? 'வந்தா வரட்டும் அக்கா. நீ ஒம் பிள்ளைய வளக்கல்லியா'ன்னு கேட்டிருப்பாவ. நானும் அதத்தான் கேட்டிருப்பேன். நீ பக்கத்துல கெடக்கும்போ உங்கம்மா அதுக்கு என்ன பதில் சொல்லுவா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவளுக்கு, அம்மா தன்னைக் கெட்ட சகுனம் என்று சொல்லிவிட்டாள் என்பது மட்டும்தான் புரிந்தது. என்னைப் போல இன்னொரு பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்று நினைத்தவளும், அந்த நினைப்பு என் காதில் மட்டும் விழுந்துவிடக் கூடாது என்று கூடப்பிறந்த தம்பியையே விட்டுக்கொடுத்தவளும் ஒரே அம்மாதான் என்பது புரியவில்லை. இப்போது புரிகிறது. புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.